மூடிய கதவின் இரு பக்கம்: விமானிகள் எதற்காக முறையிடுகிறார்கள்?

2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. திரும்பி வந்து இறங்க வேண்டும். ஆனால் உடனே இறங்க வழியில்லை. தொட்டி நிறைய எரிபொருளோடு அந்தக் கனத்தில் தரையைத் தொடுவது ஆபத்து. போயிங் 737-ல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதியும் கிடையாது, பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை வானில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துவிட்டு, 141 பயணிகளோடு இரவு எட்டேகால் மணியளவில் பத்திரமாக இறங்கியது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு கிடையாது. அன்று மாலை அந்தத் தெருக்களில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

அப்படி ஒரு நேரத்தில் விமானிகளுக்கு வேண்டியது அமைதி. செக்லிஸ்ட் படிக்க வேண்டும், எடையைக் கணக்கிட வேண்டும், தரைக் கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் ஒருவர் எழுந்து நின்று கத்தினால்? முன்கதவைத் தட்டினால்? விமானிகள் சில ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

தனித்தனிச் செய்தியாகப் படிக்கும்போது குழப்பம்தான் மிஞ்சுகிறது. பயணி ஒருவர் செய்த அசிங்கத்துக்கு விமானியின் உரிமத்தை முடக்கினார்கள். தாமதம் என்று அறிவித்த விமானியைப் பயணி அடித்தார். தோழியை உள்ளே அழைத்த விமானி இடைநீக்கம். காபிக் கோப்பையை வைக்கக் கூடாத இடத்தில் வைத்த விமானிகள் பணியிலிருந்து விலக்கம். இவை எல்லாமே ஒரு கதவைச் சுற்றி நடந்தவை: விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே இருக்கும் பூட்டிய கதவு.

மேலாள், அடுத்தாள்

பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் கடைகளில் ஆள் வரிசை ஒன்று உண்டு. மேலே மேலாள், அவருக்கு அடுத்து அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். விமானத்தையும் அந்த வரிசையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

1. கேப்டன். இவர்தான் மேலாள். இடது இருக்கை, தோளில் நான்கு பட்டை. விமானம், பயணிகள், சரக்கு என அத்தனைக்கும் சட்டப்படி பொறுப்பு இவருடையது.

2. கோ-பைலட். அடுத்தாள். வலது இருக்கை. இவரைப் பயிற்சிக்கு வந்த பையன் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கேப்டன் மயங்கி விழுந்தாலும் விமானத்தைத் தனியாக இறக்கத் தெரிந்தவர். ஒரு பயணத்தைக் கேப்டன் ஓட்டினால் அடுத்ததைப் பெரும்பாலும் இவர் ஓட்டுவார். ஓட்டாதவருக்கு ரேடியோ பேசுவதும், ஓட்டுபவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துத் தவறு கண்டால் சொல்வதும் வேலை.

3. கேபின் ஊழியர்கள். இவர்களைச் சாப்பாடு பரிமாற வந்தவர்கள் என்று நினைப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது. விமானத்தில் இவர்கள் இருப்பதற்கான முதல் காரணம், ஆபத்து வந்தால் எல்லோரையும் வெளியேற்றுவது. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கு அதற்காகவே வந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்கு வரும் 78 இருக்கை ஏடிஆர் விமானத்தில் இரண்டு பேர் இருப்பது அந்தக் கணக்கில்தான்.

கதவு எப்படிப் பூட்டிக்கொண்டது

ஒரு காலத்தில் பிள்ளைகளை விமானி அறைக்குள் அழைத்துப்போய்க் காட்டுவது உலகமெங்கும் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தின் விலை 1994 மார்ச் 23 அன்று தெரிந்தது. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் சென்ற ஏரோஃப்ளாட் ஏர்பஸ் ஏ310 விமானத்தில் விமானி ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளை உள்ளே அழைத்தார். இருவரும் மாறி மாறி அவர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். விமானம் தானியங்கியில் பறந்துகொண்டிருந்தது. பதினைந்து வயது மகன் கட்டுப்பாட்டுப் பிடியைச் சில விநாடிகள் அழுத்தித் திருப்பியபடி இருந்ததில், இறக்கையைச் சாய்க்கும் பகுதியைத் தானியங்கி சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டது. ஒரு சின்ன விளக்கு எரிந்ததோடு சரி. சத்தமாக எச்சரிக்கும் பழைய சோவியத் விமானங்களில் பழகிய விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. விமானம் சாய்ந்தது, சரிந்தது, சைபீரியக் காட்டில் விழுந்தது. இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதன் பிறகும் பல நாடுகளில் கதவு ஓரளவு திறந்தே இருந்தது. 2001 செப்டம்பர் 11 எல்லாவற்றையும் மாற்றியது. குண்டு துளைக்காத, உடைக்க முடியாத கதவு பெரிய பயணிகள் விமானங்களுக்கு 2003 நவம்பர் 1 முதல் உலக அளவில் கட்டாயமானது. வெளியே எண் பலகையும் மணியும் உண்டு. வெளியில் யார் எண்ணை அழுத்தினாலும் உள்ளே இருப்பவர் மறுத்துவிடலாம்.

அந்த மறுப்பு வசதியே 2015 மார்ச் 24 அன்று எமனாக வந்தது. ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் கேப்டன் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது உள்ளே இருந்த கோ-பைலட் கதவைத் திறக்கவில்லை. விமானத்தை வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, ஒரு விமானி வெளியே வந்தால் கேபின் ஊழியர் ஒருவர் உள்ளே போய் நிற்கும் முறையைப் பல நிறுவனங்கள் கொண்டுவந்தன. பயணத்தின் நடுவே, முன்னால் பணிப்பெண் ஒருவர் வழியை மறித்து நிற்க, கதவு சட்டென்று திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சில விநாடிகள்தான் விமானத்தின் மிகப் பலவீனமான விநாடிகள். அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்கு எழுந்துபோகிறவரை அவர் கையை நீட்டித் தடுப்பது முரட்டுத்தனம் ஆகாது.

பார்க்க முடியாதவர்மேல் முழுப் பொறுப்பு

கதவு பூட்டியதால் பாதுகாப்பு கூடியது. கூடவே இன்னொன்றும் நடந்தது: கேப்டனுக்குப் பயணிகள் கண்ணில் படாமல் போனார்கள். பின்னால் என்ன நடக்கிறது என்பது இன்டர்காமில் வரும் குரலாகத்தான் அவருக்குத் தெரியும். சட்டமோ அதற்கு நாற்பது ஆண்டு முன்பே எழுதியது. 1963-ன் டோக்கியோ உடன்படிக்கைப்படி, பயணிகள் ஏறி எல்லா வெளிக்கதவுகளும் மூடிய நொடியிலிருந்து இறங்குவதற்காக ஒன்று திறக்கும்வரை, உள்ளே நடப்பதற்குக் கேப்டன்தான் அதிகாரி. அடங்காதவரைக் கட்டிவைக்கச் சொல்லலாம், வழியில் ஓர் ஊரில் இறக்கிவிடலாம், காவல்துறையிடம் ஒப்படைக்கலாம். இந்தியா 1975-ல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பில், குடிபோதையில் இருந்த பயணி ஒருவர் மூதாட்டி மீது சிறுநீர் கழித்ததாகப் புகார். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு அது 2023 ஜனவரி 4 அன்றுதான் தெரிய வந்தது, அதாவது ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து. விசாரணைக்குப் பின் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம், கேப்டனின் உரிமம் மூன்று மாதம் முடக்கம்.

விமானிகள் சங்கங்கள் கொதித்தது இதற்காகத்தான். பார்க்கவே முடியாத இடத்தில் நடந்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்டார்கள். டிஜிசிஏ சட்டத்தைக் காட்டியது: தலைமை விமானிக்குரிய கடமையில் தவறினார் என்றது. என் கருத்தில் இரண்டு பக்கமும் பாதி சரி. அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் பொறுப்பும் அவர் கையில்தான் இருக்கும். மேலாள் கையெழுத்துப் போட்ட கணக்கில் பிசகு என்றால் முதலாளி கேட்பது மேலாளைத்தான். ஆனால் அந்த மூதாட்டியின் வேதனை அறைக்குள் போய்ச் சேர்ந்த விதம், சேர்ந்த பின் தரைக்கு அறிக்கை போன விதம், அது அலுவலகத்தில் ஒரு மாதம் கிடந்த விதம், இவற்றைச் சரிசெய்யாமல் ஒருவர் உரிமத்தை முடக்கினால் அடுத்த மூதாட்டிக்கு என்ன பயன்?

விமானிகள் சொல்லும் குறைகள்

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி, 2021-ல் 835 பறப்புக்கு ஒன்று என்றிருந்த அடங்காத பயணி சம்பவம், 2022-ல் 568-க்கு ஒன்று, 2023-ல் 480-க்கு ஒன்று என்று நெருங்கிவந்திருக்கிறது. அவை என்ன வகைச் சம்பவங்கள் என்பதில் நம் நாட்டுக்கென்று ஒரு தனி முகம் இருக்கிறது.

1. அவசரக் கதவின் பிடி. 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்ப இருந்த இண்டிகோ ஏடிஆர் விமானத்தில், ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். தவறுதலாக நடந்தது என்று பிறகு விளக்கம் வந்தது. ஏடிஆரில் நாம் ஏறுவது வால் பக்கம். அவசரக் கதவு முன்வரிசை இருக்கைகளின் தோளோரம். சன்னலுக்குக் கீழே கை வைத்துக்கொள்ள வாகான இடத்தில் பிடி இருக்கும். திறந்த கதவைச் சும்மா சாத்திவிட்டுக் கிளம்பிவிட முடியாது. மறுபடி பொருத்தி, காற்றழுத்தம் நிற்கிறதா என்று சோதித்துப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். அன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

பறக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஜெட் விமானம் 35,000 அடியில் போகும்போது உள்ளே காற்றழுத்தம் கூடுதல், வெளியே குறைவு. இந்த வித்தியாசம் கதவின் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் அரை டன் கனத்தில் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. ஆபத்து தரைக்கு அருகில்தான். 2023 மே 26 அன்று தென்கொரியாவில் டேகு நகரில் இறங்க வந்த ஏசியானா விமானத்தில், சுமார் 700 அடி உயரத்தில் ஒருவர் கதவைத் திறந்தேவிட்டார். விமானம் திறந்த கதவோடு இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை என்பது தெய்வாதீனம்.

2. "பைலட் வரலை." தாமதத்துக்கு இந்தக் காரணத்தைக் கேட்டால் நமக்கு ஆத்திரம் பொங்குகிறது, தூங்கிவிட்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது. 2024 ஜனவரி 14 அன்று டெல்லியில் கடும் பனிமூட்டம். கோவா செல்லவிருந்த இண்டிகோ விமானம் மணிக்கணக்கில் நின்றது. முதலில் வந்த விமானிகளுக்குப் பணி நேர வரம்பு நெருங்கிவிட, மாற்றாக வந்த விமானி பயணிகளுக்கு முன்னால் நின்று தாமதத்தை அறிவித்தார். பின்வரிசையிலிருந்து ஓடிவந்த ஒருவர் அவரை அடித்தார். வீடியோவை நாடே பார்த்தது.

அந்தப் பணி நேர வரம்புதான் இங்கே புரிந்துகொள்ள வேண்டியது. விமானி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம், இரவில் எத்தனை முறை இறங்கலாம், வாரத்தில் எவ்வளவு ஓய்வு என்பதற்கெல்லாம் விதி உண்டு. வரம்பைத் தாண்டினால் அவரே ஓட்டுகிறேன் என்றாலும் சட்டம் விடாது. விமானிகள் நீதிமன்றம் வரை போனதன் பலனாக 2025 ஜூலை முதல் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. நவம்பர் முதல் இரவில் இறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இதற்கேற்ப ஆள் கணக்கைச் சரிசெய்யாததால்தான் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்தது. அப்போது கவுன்டரில் நின்று ஏச்சு வாங்கிய பெண்ணுக்கும் சரி, விமானிக்கும் சரி, அந்தக் கணக்கில் கையில்லை. தூக்கம் கெட்ட விமானி என்ன செய்வார் என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

3. கழிவறைக் கதவென்று நினைத்து. 2025 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து வாரணாசிக்குப் போன விமானத்தில் ஒரு பயணி விமானி அறைக் கதவு வரை போய்விட்டார். கழிவறையைத் தேடிப் போனார் என்று நிறுவனம் சொன்னது. முன்கழிவறையும் அறைக் கதவும் இரண்டடி இடைவெளியில் இருக்கும் விமானங்கள் பல. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவர் வழிதவறியவரா வில்லங்கமானவரா என்று தெரியாது. அவர் கெட்டதையே எண்ணியாக வேண்டும்.

4. குடி. உள்நாட்டு விமானங்களில் மது கிடையாது. வெளிநாட்டுப் பயணத்தில் உண்டு. ஏறும் முன்பே ஏற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. விமானிக்குப் பறக்கும் முன் பன்னிரண்டு மணி நேரம் மது ஆகாது, ஊதிக் காட்டி பூஜ்யம் வர வேண்டும்.

5. வெடிகுண்டு என்ற சொல். "பையில என்ன, குண்டா வச்சிருக்கேன்?" என்று கோபத்தில் கேட்டாலும் அது மிரட்டலாகவே பதிவாகும். 2024 அக்டோபரில் சில வாரங்களில் மட்டும் நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் இந்திய விமானங்களுக்கு வந்தன.

6. சக்கரம் நிற்கும் முன்பே எழுவது. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஓடுபாதையில் திடீர் பிரேக் போட்டால் முதலில் விழுவது நின்றுகொண்டிருப்பவரும், மேலே திறந்திருக்கும் பெட்டியிலிருந்து வரும் சாமானும்.

உள்ளே இருப்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு

பயணிகளைப் பற்றி விமானிகள் குறை சொல்லும்போது, அறைக்குள் அவர்களே மீறியதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

2023 பிப்ரவரி 27 அன்று துபாயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் கேப்டன் தன் தோழியை அறைக்குள் அழைத்தார். உரிமம் மூன்று மாதம் முடக்கம். நிறுவனத்துக்கு 30 லட்சம் அபராதம். சில மாதங்களில் டெல்லி–லே விமானத்திலும் அதே கதை, இந்த முறை கேப்டனுக்கு ஓராண்டு. லே நிலையம் பத்தாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. விருந்தாளியை வைத்துக்கொண்டு இறங்கும் இடமா அது?

2023 ஹோலி அன்று டெல்லி–குவாஹாட்டி ஸ்பைஸ்ஜெட் விமானத்தில், இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் மேடையில் எரிபொருள் நெம்புகோலின் மேல் பானக் கோப்பை வைத்த படம் வெளியானது. விமானிகள் இருவரும் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஒரு கோப்பைக்கா இத்தனை என்று கேட்டவர்கள் உண்டு. 2019 பிப்ரவரியில் ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து மெக்சிகோவின் கான்கூனுக்குச் சென்ற கான்டோர் ஏ330 விமானத்தில், மூடியில்லாத கோப்பையிலிருந்து காபி சிந்தி ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் இறங்கியது. பலகை சூடேறி, புகைந்து, அட்லாண்டிக் மேலிருந்து விமானம் அயர்லாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அந்த நிறுவனம் கோப்பைக்கு மூடி போட்டது.

பேச்சுக்கும் வரம்பு உண்டு. பத்தாயிரம் அடிக்குக் கீழே, அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், பறப்புக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது. 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஈஸ்டர்ன் விமானம் தரைக்கு முன்பே மோதி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானிகள் அரசியலும் பழைய கார் விற்பனையும் பேசிக்கொண்டே இறங்கியது குரல் பதிவில் இருந்தது. 1981-ல் அமெரிக்கா இதை விதியாக்கியது. இன்று உலகமே பின்பற்றுகிறது. அந்த நேரத்தில் கேபின் ஊழியர்களும் அவசரமில்லாமல் உள்ளே அழைப்பதில்லை. விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது "கேப்டனைக் கூப்பிடு" என்று நாம் குரல் உயர்த்தினால் அவர்கள் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இது.

மரியாதை உயிரெடுத்த இடங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். பெரியவர் தவறு செய்யும்போது சின்னவர் வாய் திறக்கலாமா?

நம் ஊரில் பதில் எல்லோருக்கும் தெரியும். சபையில் பெரியவர் பேச்சை மறுப்பதில்லை. தனியே கூப்பிட்டு, பணிவாக, சாடையாகச் சொல்வோம். வீட்டுக்கு அது அழகு. விமானம் இறங்கும்போது சாடையாகச் சொல்ல நேரமில்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேசைபோல் உயர்ந்த ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். குரல் பதிவுக் கருவியில் இருந்த இரண்டு மணி ஐந்து நிமிடத்தில், ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். பணி நேர வரம்புக்காக விமானிகள் ஏன் நீதிமன்றம் போகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. விழித்தெழுந்தவர் அதிக உயரத்திலிருந்து அவசரமாக இறக்கினார். கோ-பைலட் மூன்று முறை "கோ அரவுண்ட்" என்றார். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று பொருள். கேப்டன் கேட்கவில்லை. கோ-பைலட் பிடியைத் தன் கையில் எடுக்கவும் இல்லை.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் அதே துயரம் திரும்பியது. 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் அதில் அடக்கம். கேப்டனுக்கும் கோ-பைலட்டுக்கும் இடையிலிருந்த செங்குத்தான அதிகார இடைவெளி, கோ-பைலட் கட்டுப்பாட்டை எடுக்கத் தடையாக இருந்தது என்று விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் யார்? துபாயிலிருந்து ஊர் திரும்பிய நம்மைப் போன்றவர்கள்தான்.

இதனால்தான் இன்று விமானிகளுக்கு எதிர்த்துப் பேசவே பயிற்சி தருகிறார்கள். முதலில் தகவலாகச் சொல்: "வேகம் கூடுதல்." அடுத்து கவலையாகச் சொல்: "சார், இது சரியாக வராது." அதற்கும் பதில் இல்லையென்றால், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிப் பிடியை எடு. இந்த மூன்றாவது படியில் "சார்" கிடையாது. அடுத்தாள் மேலாளின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவதற்குச் சமம் அது. பழக்கமில்லாத மனதுக்கு எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியாததா?

தடைப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது

2017-ல் ஒரு மக்களவை உறுப்பினர் விமான நிறுவன ஊழியரைச் செருப்பால் அடித்த விவகாரத்துக்குப் பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் டிஜிசிஏ விதிகளைத் திருத்தி மூன்று நிலைகளை வகுத்தது.

1. வாய்ச் சண்டை, மிரட்டும் சைகை, குடித்துவிட்டு ரகளை: மூன்று மாதம் வரை தடை.
2. தள்ளுவது, அடிப்பது, பிடித்து இழுப்பது, தகாத முறையில் தொடுவது: ஆறு மாதம் வரை.
3. உயிருக்கு ஆபத்தான செயல், விமானத்தின் இயங்கு பாகங்களைச் சேதப்படுத்துவது, விமானி அறைக்குள் நுழைய முயல்வது: குறைந்தது இரண்டு ஆண்டு, மேல் வரம்பு கிடையாது.

அந்த விதியின்படி கேப்டனின் புகாரை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். வேறொரு விமான நிறுவனத்தின் ஆளும், பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பு ஆளும் குழுவில் இருப்பார்கள். முடிவு வரும்வரை நிறுவனம் அந்தப் பயணியை ஏற்ற மறுக்கலாம். தடை விழுந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது. மறுமுறை செய்தால் தடை இரட்டிப்பு. காவல்துறை வழக்கு இதெல்லாம் போக, தனி.

பட்டியலில் முதலில் சேர்க்கப்பட்டவர் மும்பை வணிகர் ஒருவர். 2017 அக்டோபரில் விமானக் கழிவறையில் கடத்தல் மிரட்டல் கடிதம் கிடைத்த வழக்கில் 2019-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 2023-ல் குஜராத் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பாதுகாப்பின் பெயரால் எடுக்கும் முடிவுக்கும் ஆதாரம் வேண்டும் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

அறியாமை வேறு, அடாவடி வேறு

விதியின் மூன்று நிலைகளும் செயலைப் பார்க்கின்றன. தெரியாமல் செய்தவரையும் திமிரில் செய்தவரையும் பிரித்துப் பார்ப்பது விசாரணைக் குழுவின் கையில். அதற்குள் பெயர் கெட்டுவிடும். சம்பவம் நடக்கும் முன்பே, விமானத்துக்குள்ளேயே பிரிக்க வழி உண்டா என்பதுதான் செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கான கேள்வி.

நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போன தலைமுறைக்குக் கப்பலைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் இருந்தது. எங்கே போகலாம், எங்கே கூடாது, மணி அடித்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் கேட்டுப் பழக நேரம் இருந்தது. இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம். அதில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் ஒரு செய்முறை விளக்கம். மகள் பேறுகாலத்துக்குத் தனியாகப் போகும் ஆச்சிக்கு அதில் என்ன விளங்கும்?

அந்த விமானங்களில் காணக்கூடிய ஒரு காட்சி. பணிப்பெண் வந்து, "மேடம், பேக் கீழ வைங்க" என்கிறார். ஆச்சி மடியிலிருக்கும் பையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். "தேன்குழல் இருக்கும்மா. நொறுங்கிப் போகும். மடியிலயே வச்சுக்கிறேன்." பணிப்பெண் அதையே ஆங்கிலத்தில், இன்னும் சத்தமாகச் சொல்கிறார். ஆச்சியின் முகம் இறுகுகிறது. பக்கத்து இருக்கை இளைஞர் குனிந்து, "ஆச்சி, அவசரமா எறங்க வேண்டி வந்தா இது கால்ல தட்டும். முன் சீட்டுக்கு அடியில வைங்க, எறங்குறப்ப நானே எடுத்துத் தர்றேன்" என்கிறார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா வச்சிருப்பேன்ல" என்று ஆச்சி பையைத் தள்ளிவிடுகிறார்.

காரணம் சொன்னதும் வேலை முடிந்தது. அந்தக் காரணமும் சாதாரணமானது இல்லை. விமானத்தில் உள்ள எல்லோரும், பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையில், 90 விநாடியில் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கே அனுமதி கிடைக்கும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை உள்ளேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

திருச்சிக்கும் மதுரைக்கும் வந்துபோகும் விமானங்களில் பாதுகாப்பு விளக்கத்தைத் தமிழிலும் சொல்ல வேண்டும் என்று கேட்பது மொழிப்பற்றுக்காக மட்டும் இல்லை. எந்தக் கதவைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது என்பது புரியாத மொழியில் சொல்லப்பட்டால் அது சொல்லப்படாததற்குச் சமம். அப்படிச் சொல்லாமல் விட்டுவிட்டு, தொட்டவர்மேல் மட்டும் புகார் எழுதுவது நியாயமாகாது. விமானிகள் சங்கங்களும் இதைச் சேர்த்தே கேட்டால் அவர்கள் முறையீட்டுக்கு வலு கூடும்.

அதுவரை வீட்டுப் பெரியவர்களை வழியனுப்பும்போது சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவசரக் கதவை ஒட்டிய இருக்கை கிடைத்தால், அங்கே உட்காருபவர் ஆபத்தில் கதவைத் திறந்து உதவ வேண்டியவர். பணிப்பெண் வந்து அதைப் பற்றித் தனியே கேட்பார். பலர் புரியாமலே தலையாட்டிவிடுகிறார்கள், இல்லை என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்களோ என்ற பயம். இறக்கிவிட மாட்டார்கள், இடம் மாற்றித் தருவார்கள், அது அவர்கள் கடமை. "எனக்கு நீ சொல்றது புரியலைம்மா, வேற சீட்டு குடு" என்று தமிழிலேயே சொன்னாலும் போதும்.